தராசுத் தட்டில் புளி ஒட்டினவன் சாட்சி சொல்லலாமா?

கேள்வி:
நாகர்கோவில் பக்கம் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பொருள் வைக்கும் தட்டின் அடியில் புளி உருண்டை ஒட்டி, கிலோவுக்கு 50 கிராம் அடித்தவன் நான். போன லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) மனந்திரும்பி, அதைச் சுரண்டி எறிந்தேன். அந்த வேகத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி நீட்டினேன். "தம்பி, உங்க சாமி என் பருப்பைத் திருப்பித் தருவாரா?" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்ல யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

பதில் 1:
வேதாகமத்தில் லூக்கா 19 வாசியுங்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு பிரசங்கம் பண்ணவில்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, ஏமாற்றினதற்கு நாலு மடங்கு என்றான். எண்ணாகமம் 5:7-இல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. யாரென்றே தெரியாத வாடிக்கையாளர் பங்கை ஏழைகளுக்குக் கொடுங்கள்.

பதில் 2:
கணக்குத் தீர்த்தால்தான் மன்னிப்பு என்று ஆக்கிவிடாதீர்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி மன்னிப்புப் பெற்ற கள்ளன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? ஆனால் அவனுக்கு நேரமில்லை, உங்களுக்கு இருக்கிறது அண்ணே.

பதில் 3:
பையில் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். நேரில் போய்ச் சொல்லுங்கள். அன்றைக்குக் கைப்பிரதி கொண்டுபோகாதீர்கள், தயவுசெய்து.

கேட்டவர்:
போனேன். இரண்டு கிலோ துவரம்பருப்போடு விஷயத்தையும் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "புளி எந்த இடத்துல ஒட்டுவீங்க, காட்டுங்க" என்றார். கடைக்குக் கூட்டிவந்து தட்டைத் திருப்பிக் காட்டினேன். கறை இன்னும் இருக்கிறது.