வீட்டிலிருந்து வேலை: உறக்கம் கூடியதா, குலைந்ததா?

தாம்பரத்தான்:
2020 மார்ச் ஊரடங்கோடு தொடங்கிய வீட்டிலிருந்து அலுவலக வேலை என் உறக்கத்தைக் குலைத்துவிட்டது. முன்பெல்லாம் சென்னை சோழிங்கநல்லூரில் அலுவலகப் பேருந்தில் ஏறிச் சன்னலோரம் சாய்ந்தால், மேடவாக்கம் வருவதற்குள் அன்றைய வேலையில் பாதி மறந்திருக்கும். இப்போது மேசை இருப்பது படுக்கையறையில். மடிக்கணினியை மூடிய பிறகும் சார்ஜரின் பச்சைப் புள்ளி கட்டிலிலிருந்து தெரிகிறது. நியூயார்க்கில் காலை 10 மணிக்கு வைக்கும் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் 8.30. அது முடிந்து, உண்டு, படுத்த பின்னும் மண்டைக்குள் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

சிறுசேரிப் பயணி:
பச்சைப் புள்ளியை ஒரு துணியால் மூடலாம், நண்பரே. உங்களுக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தது. நானோ வேளச்சேரியிலிருந்து இருசக்கர வண்டியில், மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்த சாலையில் புழுதி தின்றுகொண்டு போனவன். ஐந்தரைக்கு எழுந்தவன் இன்று ஏழு மணி வரை உறங்குகிறேன். வாரநாளில் விட்ட தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை படுத்து ஈடுகட்டும் பழக்கமும் போய்விட்டது.

தாம்பரத்தான்:
படுத்திருக்கும் நேரம் கூடுவது வேறு, தூக்கம் வருவது வேறு. உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-இல் முன்வைத்த தூக்கமின்மைச் சிகிச்சை முறையின் அடிப்படையே, கட்டில் உறங்குவதற்கு மட்டும் என்பதுதான். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல்கிறது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில், அலுவலகமும் அதற்குள்ளேயே இருக்கும்போது, நான் எங்கே போவது?

இரண்டாம் ஷிப்ட்:
இருவருமே இரவைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். கூட்டத்தில் பேசிக்கொண்டே குக்கர் விசிலை எண்ணுகிறவளுக்குப் பகலிலும் மனத்துக்கு ஓய்வு இல்லை. அலுவலகத்தில் தேநீர் குடித்த பத்து நிமிடம் முழுக்க என்னுடையதாக இருந்தது. வீட்டில் அந்தப் பத்து நிமிடத்தில் துணி காயப்போடுகிறேன். ஆனாலும் அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன், ஏனெனில் மகள் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறக்க நான் இருக்கிறேன்.

சிறுசேரிப் பயணி:
அப்படியானால் குற்றவாளி வீடு அல்ல, முடிவே இல்லாத வேலைநேரம். பணிநேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. போர்ச்சுகல் 2021-இல், பணிநேரத்துக்குப் பிறகு தொடர்புகொள்ளாமல் இருக்கும் கடமையை முதலாளிமீதே சுமத்தியது. இங்கே இதே உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. இரவு பத்து மணிக்கு, "ஒரு சின்ன சந்தேகம்" என்று செய்தி அனுப்பும் மேலாளர், நாம் அலுவலகத்துக்குப் போய்வந்த நாளிலும் அனுப்பத்தான் செய்தார்.

தாம்பரத்தான்:
அனுப்பினார், மறுக்கவில்லை. ஆனால் அன்று மடிக்கணினி பையிலேயே கிடந்ததால் காலையில் பதில் சொன்னேன். இன்று அது திறந்தே இருப்பது அவருக்கும் தெரியும். மேசையைக் கூடத்துக்கு மாற்றிப் பார்த்தேன். இரவுக் கூட்டத்தின்போது அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சீக்கிரமே படுக்கப் போகிறார். அவருக்கும் தூக்கம் வருவதில்லையாம்.