டேலில கணக்கு குவிஞ்சு போகாம எப்படிங்க வச்சுக்கிறீங்க?

கொலுசுக்கடை, செவ்வாய்ப்பேட்டை
வணக்கங்க. அப்பாவோட வெள்ளிக் கொலுசு வியாபாரம், இப்ப கணக்கு என் கைக்கு வந்திருக்கு. கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர தொறந்தாலே தலை சுத்துது. ஆத்தூர் பார்ட்டி ஒருத்தருக்கே இனிஷியல் முன்ன பின்ன போட்டு மூணு லெட்ஜர் (தனித்தனி கணக்கு), எதுல சேக்கறதுன்னு தெரியாம ஒதுக்கி வைக்கிற சஸ்பென்ஸ் கணக்குல என்னன்னே தெரியாத தொகை, கேஷ் சில நாள் மைனஸ்ல நிக்குது, 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதான் விற்பனை விவரம் காட்டற ஜிஎஸ்டி ரிட்டர்ன், போடறதுக்குள்ள ராத்தூக்கம் போயிடுது. பேசாம புது கம்பெனி ஓப்பன் பண்ணி முதல்லேர்ந்து போட்டுடலாமா?

ஆடிட்டர் ஆபீஸ் அக்கா
வேண்டாம் தம்பி. பழைய குழப்பம் ஓப்பனிங் பேலன்ஸா அங்கயும் வந்து உக்காந்துக்கும். மூணு லெட்ஜர்ல ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டோட பாக்கிய ஜர்னல் போட்டு (பணம் கைமாறாம கணக்குல மட்டும் மாத்தற என்ட்ரி) அதுக்கு மாத்துங்க, பில்வாரியா மாத்தணும், இல்லன்னா எந்த பில் பாக்கின்னு அப்புறம் தெரியாது. காலியான லெட்ஜர் பேர் முன்னாடி 'பழசு'ன்னு சேர்த்துடுங்க. ரிட்டர்ன் போட்டு முடிச்ச மாசத்து பில்ல மட்டும் தொடவே தொடாதீங்க.

இனிமேல் குவியாம இருக்கணும்னா கடை அடைக்கறதுக்கு முன்னாடி கல்லாவ எண்ணி கேஷ் புக்கோட ஒத்துப் பாருங்க, மைனஸ் வந்தா ஏதோ ரசீது விட்டுப்போச்சு இல்ல தேதி மாறிப்போச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே தேடினா கெடச்சுடும், மாசம் கழிச்சுக் கேட்டா யாருக்கு ஞாபகம் இருக்கும் சொல்லுங்க. சனிக்கிழமை பேங்க் கணக்க ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாருங்க. 14ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வந்துடும், அதாவது சப்ளையருங்க காட்டின பில்லோட லிஸ்ட்; 20ம் தேதி வரி கட்டற ரிட்டர்ன் 3பிக்கு முன்னாடி பர்சேஸ் பில்லோட ஒப்பிட்டு, அதுல வராத பில்லுக்கு சப்ளையருக்கு போன் போடுங்க. 180 நாளைக்கு மேல பணம் குடுக்காத பில் இருந்தா அந்த பர்சேஸ் வரிக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்ட வட்டியோட திருப்பணும், அதனால பாக்கி லிஸ்ட்டையும் அப்பவே ஒரு பார்வை பாத்துடுங்க.

பட்டறை அண்ணன்
அக்கா சொன்னது ரூபாய்க் கணக்கு. கொலுசுத் தொழில்ல கிராம் கணக்கு தான் தம்பி உசுரு. பட்டறைக்குக் குடுத்த வெள்ளி, கொலுசா வந்த எடை, சேதாரம், கைல நிக்கற மீதி, இதெல்லாம் டேலில அந்த ஆசாரி பேர்லயே தனி குடோன் (சரக்கு எங்க இருக்குன்னு காட்டற தலைப்பு) போட்டு எடையில வைங்க. சரக்கு வந்த அன்னிக்கே தராசுல போட்டு ரெண்டு பேரும் பாத்து சீட்டுல கையெழுத்து, அப்புறம் தான் அடுத்த வெள்ளிக் கட்டி குடுக்கணும். ரெண்டு மூணு தடவ சேந்து போச்சுன்னா எந்த லாட்ல எடை கொறஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, நல்ல ஆசாரியோட வீணா மனஸ்தாபம் வரும்.

ஏற்காடு எஸ்டேட் கணக்கு
பேக்கப் பத்தி யாரும் சொல்லலையே! இங்க மலைல மழை புடிச்சா கரண்ட் போய்ப் போய் வரும், காபி பறிக்கிற சீசன்ல வாரக்கூலி என்ட்ரி நடுவுல நின்னுதுன்னா டேட்டா கரப்ட் ஆக சான்ஸ் இருக்கு. கம்ப்யூட்டர மூடறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல பேக்கப், தேதி போட்ட ஃபோல்டர்ல, பழசு மேல எழுதாம. மாசம் ஒருக்கா அத வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி தொறக்குதான்னு பாத்துடுங்க.

கொலுசுக்கடை, செவ்வாய்ப்பேட்டை
ரொம்ப நன்றிங்க அக்கா, அண்ணா. புது கம்பெனி யோசனைய விட்டுட்டேன். இன்னிக்கு மொதல்ல பேக்கப் எடுத்துட்டு ஆத்தூர் லெட்ஜர்ல கை வைக்கறேன். குடோன் போடறதுல சந்தேகம் வந்தா இங்கயே கேக்கறேன்ணா.