ஜெர்மன் கார்ட்டூனுக்கு எந்த மொழியில் சப்டைட்டில் வைப்பது?

கருங்கல் அம்மா:
வீட்டுக்காரர் ஜெர்மனியில் நர்ஸ். அடுத்த வருடம் நாங்களும் போகிறோம். மூத்தவள் நாலாம் வகுப்பு, இளையவன் ஒன்றாம் வகுப்பு. ரெண்டு பேரும் ஜெர்மன் கார்ட்டூன் பார்க்கிறார்கள். சப்டைட்டில் தமிழிலா, ஆங்கிலத்திலா, ஜெர்மனிலேயா? இல்லை, எழுத்தே வேண்டாமா?

களியக்காவிளை மக்கா:
எழுத்தே வேண்டாம். திருவனந்தபுரம் தூர்தர்ஷன் பார்த்துத்தானே கேரள எல்லையில் இருக்கிற நாமெல்லாம் மலையாளம் படித்தோம்? ஆன்டெனாவைத் திருப்பினால் முடிந்தது ஜோலி.

தக்கலை டீச்சர்:
மக்கா, மலையாளம் நமக்குக் காதில் விழுந்தாலே பாதி புரியும். மீதிக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் பேச ஆள் இருந்தது. அப்படியும் கேரளா பஸ் போர்டை வாசிக்கச் சொன்னால் பல பேர் முழிப்போம். இந்தப் பிள்ளைகள் போன உடனே வகுப்பில் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும்.

தங்கச்சி, மூத்தவளுக்கு முதல் தடவை தமிழோ ஆங்கிலமோ வைத்துக் கதையைப் பிடிக்க விடு. அதில் பலன் இல்லாமல் இல்லை. 1999-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தாய்மொழியான டச்சு எழுத்தோடு ஆங்கில நிகழ்ச்சி பார்த்த பள்ளிப் பிள்ளைகள், எழுத்தில்லாமல் பார்த்தவர்களைவிட அதிக ஆங்கிலச் சொற்களைப் பிடித்திருந்தார்கள். ஆனால் உச்சரிப்பு பிடிபடுவது வேறு விஷயம். 2009-ல் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலம் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில எழுத்து கைகொடுத்தது. டச்சு எழுத்து, புதிதாகக் கேட்கும் பேச்சைப் புரிந்துகொள்ள இடைஞ்சலாகத்தான் இருந்தது. அதனால் இரண்டாம் தடவை முதல் ஜெர்மன் எழுத்துதான்.

என் தங்கை மகள் இப்படித்தான் பார்த்தாள். ஈ, யூ எழுத்து சேர்ந்து வந்தால் இங்கிலீஷ் பழக்கத்தில் ‘யூ’ என்பாள். டிவியில் ‘ஓய்’ என்று கேட்டதும் ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டி, அந்தப் பொம்மை மாதிரியே வாயைக் குவித்துச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு மூன்று நிமிடத் துண்டே போதும், முழு எபிசோடு வேண்டாம்.

ஒன்று கவனி. வேறு நாட்டுக் கார்ட்டூனை ஜெர்மனில் டப் செய்திருந்தால், பேசுவது ஒன்று, எழுத்தில் ஓடுவது இன்னொன்றாக இருக்கலாம். பல நேரம் இரண்டும் தனித்தனி மொழிபெயர்ப்பு. ஜெர்மனியிலேயே எடுத்ததாகப் பார்த்து வை. யூடியூபில் ‘தானாக உருவாக்கப்பட்டது’ என்றிருக்கும் எழுத்தையும் நம்பாதே.

கருங்கல் அம்மா:
சரி அக்கா. இளையவனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. அவனுக்கு?

தக்கலை டீச்சர்:
அவனுக்குப் பாட்டு, வரி ஓடுகிற பாட்டு. அகமதாபாத் ஐஐஎம்மைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரி ஓடவிட்டது, பாட்டுக் கேட்கிற சாக்கில் ஜனங்கள் வாசித்துப் பழகட்டும் என்றுதான். மனப்பாடமான பாட்டில் அடுத்த சொல் என்னவென்று தெரிந்திருப்பதால் கண் தானாகவே எழுத்தைத் தேடும். இவன் இப்போதைக்குப் பாடினாலே போதும், வாசிக்கச் சொல்லி விரட்டாதே.

அப்புறம், எந்தப் பாட்டு என்று உங்கள் வீட்டுக்காரரையே கேள். கூட வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள் என்று விசாரித்துச் சொல்வார்.