கோர்வை என்றால் என்னவென்று வாசகருக்கு யார் சொல்வது?

பாவுநூல்:
அப்பா காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்தவர். அவரைப் பற்றிய கட்டுரையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அதில் ஓர் இடம்: "அப்பா கோர்வை போடும்போது நான் மறுகரையில் உட்காருவேன். ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றது." அது "வறுமையின் கோரப்பிடியில் சிக்கி என் கல்வி பாதியில் நின்றது" என்று திருத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. வயிறு எரிகிறது. எழுதுகிறவனுக்கு உதவுவது என்றால் இதுதானா?

கரிசல்வாசகி:
ஒரு சொல்லைக்கூடத் தொட விடாதீர்கள். 1992இல் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' பேச்சுத் தமிழிலேயே வந்தது. யாராவது அதற்கு இலக்கணச் சட்டை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். சமோவார் என்றால் என்னவென்று தெரியாமலே ரஷ்ய நாவல்களைப் படித்து அழுதவர்கள்தானே நாம்!

மெய்ப்பாளர்:
இருபது ஆண்டுகளாகச் செம்மையாக்கம் செய்கிறேன். 'கோரப்பிடி'க்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் பாவுநூல், உங்கள் மூல வரியும் எனக்குப் புரியவில்லை. கோர்வைக்கும் பள்ளி நின்றதற்கும் என்ன தொடர்பு? நீங்கள் ஏன் அங்கே உட்கார வேண்டும்? சமோவார் தெரியாவிட்டாலும் தேநீர் குடிக்கிறார்கள் என்பதாவது புரியும். இங்கே கதையே அந்த ஒரு சொல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

எளியவழி:
கடைசிப் பக்கத்தில் அருஞ்சொல் பட்டியல் போட்டால் முடிந்தது. இதற்கு இவ்வளவு சண்டையா?

மெய்ப்பாளர்:
பட்டியலில் "கோர்வை: கரையை உடலோடு இணைக்கும் நெசவு" என்று இருக்கும். ஏழாம் வகுப்புப் பையன் அதில் எங்கே இருப்பான்?

பாவுநூல்:
தறிக்காரர் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி, ஐயா. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நூலை ஏந்திக் குறுக்கே ஓடும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரு கரையை அப்பா பார்ப்பார், மறுகரைக்கு இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு வைத்தால் அப்பாவுக்கு மிஞ்சாது. அதனால் நான். நான் எழுந்தால் தறி நிற்கும்.

மெய்ப்பாளர்:
கடைசி வரி கட்டுரையில் இருக்கிறதா?

பாவுநூல்:
இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

கரிசல்வாசகி:
நல்ல வரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெய்ப்பாளர் ஐயா, நீங்கள் கேட்டீர்கள், வந்தது. எத்தனை இதழ்களில் கேட்கிறார்கள்? மறைந்த பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணனைப் போல எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசியவர்கள் அபூர்வம். மற்றவர்கள் புரியாத இடத்தைத் தாங்களே நிரப்பிவிடுகிறார்கள். கோரப்பிடி அங்கிருந்துதான் வருகிறது. கேட்க நேரமில்லாதவர் கை வைக்காமல் இருக்கட்டும். என் கட்சி மாறவில்லை.

மெய்ப்பாளர்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. "தொடவே கூடாது" என்றீர்களே, அதற்குத்தான் சண்டை.

பாவுநூல்:
இரவு அந்தப் பத்தியை மறுபடி எழுதினேன்: "மறுகரை நாடாவை எறிய ஓர் ஆள் வேண்டும். அது நான். நான் எழுந்தால் தறி நிற்கும். ஏழாம் வகுப்போடு பள்ளி நின்றது." கோர்வை, நாடா இரண்டும் இப்போது தாமாகவே புரியும் என்று நினைக்கிறேன். 'ஊடை' வரும் இடத்தில் மட்டும் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை, கரிசல்வாசகி அக்காவுக்காக.

மெய்ப்பாளர்:
ஊடை அப்படியே இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்தது இடக்கரையா, வலக்கரையா? அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியுமா?