வாட்டர்லூ ஸ்ட்ரீட் குவான் யின் கோயில்ல எனக்கு நடந்தது

கோயில்ல தங்களுக்கு நடந்தத இங்க எல்லாரும் எழுதினத படிச்சேன், மனசு நிறைஞ்சு போச்சு, அதான் நானும் எழுதுறேன். சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்ட்ரீட் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், 1870ல கட்டின கிருஷ்ணன் கோயிலும் சீனங்க கருணைத் தாயா கும்பிடுற குவான் யினுக்கு 1884ல வந்த கோயிலும் பக்கத்து பக்கத்துல இருக்கு, குவான் யினை கும்பிட்டு வர்ற சீனங்க அப்படியே கிருஷ்ணன் வாசல்லயும் ஊதுபத்தி ஏத்தி கும்பிட்டுட்டுதான் போவாங்க.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சாவது நாள். கிருஷ்ணன்கிட்ட அர்ச்சனை பண்ணிட்டு வெளிய வந்து நின்னேன், அழுகை வரல, நெஞ்சு மட்டும் கல்லு மாதிரி. ஊதுபத்தி ஏத்திட்டு இருந்த ஒரு சீன ஆன்ட்டி என் முகத்த பாத்துட்டு "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டாங்க, அம்மாவுக்குன்னு சொன்னதும் கைய புடிச்சு பக்கத்து கோயிலுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க.

உள்ள நடுவுல குவான் யின். ஒரு பக்கம் போதிதர்மர், நம்ம காஞ்சிபுரத்துலேருந்து சீனாவுக்கு போனவர்னு சொல்வாங்களே அவரேதான், இன்னொரு பக்கம் ஹுவா துவோன்னு பழைய காலத்து வைத்தியர். அம்மாவுக்கு அவர்கிட்டயும் வேண்டிக்கோன்னாங்க. அப்புறம் என்னை முட்டி போட வச்சு, குறி கேக்குறதுக்கு நம்பர் எழுதின குச்சிங்க போட்ட குடுவைய கையில குடுத்து, பேரு அட்ரஸ் எல்லாம் மனசுக்குள்ள சொல்லி, கேக்க வேண்டியத கேட்டுட்டு ஒரு குச்சி மட்டும் விழற வரைக்கும் குலுக்கணும்னு சொன்னாங்க. சுத்தி நூறு பேர் குலுக்குற கடகட சத்தம், மழை தகரத்துல விழற மாதிரி. என் கை நடுங்கி மொத்த குச்சியும் கொட்டிருச்சு, ஆன்ட்டி ஒவ்வொண்ணா பொறுக்கி திரும்ப போட்டு குடுத்தாங்க, அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு, அஞ்சு நாள் அழுகை.

குச்சி விழுந்ததும் பிறை மாதிரி ரெண்டு சிவப்பு கட்டைய போட்டு பாக்கணும், ஒண்ணு மல்லாந்து ஒண்ணு கவுந்து விழுந்தாதான் அந்த குச்சி சரி. எனக்கு ரெண்டும் மல்லாந்துச்சு. "குவான் யின் சிரிக்கிறாங்க, திரும்ப கேளு"ன்னாங்க ஆன்ட்டி. மூணாவது குச்சிக்குத்தான் சரி வந்துச்சு. அந்த குச்சி நம்பருக்கு குடுக்குற பலன் சீட்டுல என்ன வந்துச்சுங்கறத எனக்குள்ளயே வச்சுக்கறேன்.

குவான் யினோட முழுப் பேரு குவான் ஷி யின், அப்படின்னா உலகத்தோட குரல கவனிக்கிறவங்கன்னு அர்த்தமாம், அன்னிக்கு என் குரல கேட்டாங்கன்னு நான் முழுசா நம்புறேன். பௌத்தத்துல கருணையோட வடிவமான போதிசத்துவர், நம்ம அவலோகிதர்தான் சீனாவுக்கு போயி தாயா மாறினாங்க, அவலோகிதர்கிட்ட அகத்தியர் தமிழ் கேட்டார்னு வீரசோழியம்ங்கிற பழைய தமிழ் இலக்கண நூல்லயே இருக்கு, அத பின்னாடி படிச்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு.

அம்மா பொழச்சுட்டாங்க, வலது கை மட்டும் இன்னும் சரியா வரல. ரெண்டாம் மாசம் பத்தொம்பதாம் நாள் குவான் யின் பிறந்தநாள், சீன காலண்டர்படி, கூட்டம் தெருவ அடைச்சு நிக்கும், போன வருஷம் அன்னிக்கு வீல்சேர்ல கூட்டிட்டு போனேன். அதே ஆன்ட்டி வந்திருந்தாங்க. அம்மாவுக்கு தமிழ் மட்டும்தான், அவங்களுக்கு தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அம்மாவோட இடது கையில குடுவைய வச்சு, மேல தன் கையையும் வச்சு, ரெண்டு பேருமா குலுக்கிட்டு இருந்தாங்க.