அபர்ணா: இலையற்றவளா, கடனற்றவளா?

மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறோம். வரும் ஞாயிறன்று மகளுக்குப் பெயர் சூட்டுகிறோம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் 'அபர்ணா' என்று எழுதி வைத்த பிறகு, 'இலையில்லாதவள்' என்பதே அதன் பொருள் என்றறிந்த மாமியார் முகம் சுளித்துவிட்டார். தவத்தில் உதிர்ந்த இலையையும் உண்ணாது விட்டதால் பார்வதிக்கு இப்பெயர் வந்ததென்று குமாரசம்பவத்தின் ஐந்தாம் சருக்கத்தில் காளிதாசர் கூறுவதைப் படித்துக் காட்டினேன். அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டில் பார்வதியின் பெயர்களுள் இது இருப்பதையும் காட்டினேன். அவர் இறங்கி வரவில்லை. லலிதா சகஸ்ரநாம உரையில், 18ஆம் நூற்றாண்டின் பாஸ்கரராயர் இதனை 'அப', 'ருண' எனப் பிரித்துக் 'கடன் நீங்கியவள்' என்றும் பொருள் தருகிறார். வடமொழிச் சந்தி விதிக்கும் அது பொருந்துகிறது. மாமியாருக்கும் பிடித்திருக்கிறது (வீட்டுக்கடன் தவணை கட்டும் எனக்கும்தான்). பாஸ்கரராயருக்கு முந்தைய நூல் எதிலேனும் இப்பொருள் காணப்படுகிறதா?