டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை விளையாட்டில "இது நடந்தா அடிப்பன்" எண்டு ரெடி பண்ணி வச்சிட்டு அடிக்க ஏலாமப் போன அனுபவம் ஆருக்கும் இருக்கோ?

பிளேன்டீ:
போன போயா அண்டு வெள்ளவத்தையில, 5ஆம் எடிஷன். என்ர ஃபைட்டர் (சண்டைக்காரப் பாத்திரம்) கதவடியில, ஓர்க் (அரக்க இனம்) தலைவன் கதவைத் திறந்தோண்ண வெட்டுறதெண்டு ரெடி பண்ணிட்டன். அதுக்கிடையில ஒரு கொப்ளின் (குட்டிப் பிசாசு) பக்கத்தால நழுவி ஓடுது, டிஎம் (ஆட்டத்தை நடத்துறவன்) "அடிக்கிறியோ?" எண்டான், நானும் யோசிக்காம தாயம் உருட்டினன், 4, மிஸ். பிறகு கதவு திறக்குது, தலைவன் நிக்கிறான், நான் டி20ஐ (20 பக்கத் தாயம்) கையில குலுக்கிறன், எல்லாரும் என்னையே பாக்கினம், டிஎம் பருப்பு வடையைக் கடிச்சுக்கொண்டு "உன்ர ரியாக்‌ஷன் முடிஞ்சு மச்சான்" எண்டுறான். ரியாக்‌ஷன் எண்டா மற்றவன்ர டேர்ன்ல செய்யக்கூடிய ஒரே ஒரு செயல், கொப்ளினுக்கு அடிச்சதிலயே அது போச்சு. குலுக்கின கையை எங்க வைக்கிறதெண்டே தெரியேல்ல.

கொட்டாஞ்சேனைக்குள்ளன்:
எனக்கு ஃபயர்பால் (நெருப்புக் குண்டு மந்திரம்). பாலத்துக்கு வரட்டும் எண்டு பிடிச்சு வச்சிருக்க ஒரு அம்பு வந்துது, பயத்தில ஷீல்ட் (தடுக்கிற மந்திரம்) போட்டிட்டன், அதுவும் ரியாக்‌ஷன் தானே. பாலத்தில 7 பேர் வரிசையா! அடுக்கி வச்ச 8 டி6ஐயும் (6 பக்கத் தாயம்) ஒவ்வொண்டா டப்பாக்குள்ள திருப்பிப் போட்டன். அதுக்குச் செலவழிச்ச 3ஆம் லெவல் ஸ்லாட்டும் (மந்திரம் போடுற வாய்ப்பு) போச்சு.

பழையகட்டை:
உங்கட டிஎம்மாருக்கு ரூல் தெரியாது. ரெடி பண்ணினது வேற கணக்கு, ஓடேக்க அடிக்கிறது வேற கணக்கு. ரெடி பண்ணினா எதிரி செய்ய முதலே நாங்க செய்வம், நான் மந்திரவாதி வாயைத் திறக்க முதலே அம்பு விட்டுக் குழப்பினனான்.

கொட்டாஞ்சேனைக்குள்ளன்:
அண்ணை அது 2003ல வந்த மூணரை எடிஷன். 5ல ட்ரிக்கர் (நீங்க காத்திருந்த சம்பவம்) முடிஞ்ச பிறகு தான் உங்கட அடி. ஓடுறவனை அடிக்கிறது மட்டும் தான் அவன் எங்கட அடி எட்டுற தூரத்தை விட்டு விலக முதல்.

மழைக்குடை:
நானும் ஒருக்கா மாட்டினனான், அது கிடக்கட்டும். பிளேன்டீ, 5ஆம் லெவல் ஃபைட்டர் எண்டா ரெடி பண்ணவே வேண்டாம், ரெண்டாவது அடி உங்கட டேர்ன்ல மட்டும் தான் கிடைக்கும், ரெடி பண்ணினா ஒரு வெட்டு தான். ஸ்பெல் பிடிக்கிறவையும் கவனம், பிடிச்சிருக்கிறதுக்கே கான்சன்ட்ரேஷன் (ஒரு நேரத்தில ஒரு மந்திரத்தில மட்டும் வைக்கிற கவனம்) வேணும், முதல் போட்ட பிளெஸ் கிஸ் மாதிரி மந்திரமெல்லாம் கழண்டுடும், அடி விழுந்தா சேவ் (கவனம் கலையாமத் தப்புறதுக்கான தாயம்) வேற எறியோணும். டிஎம் "அடிக்கிறியோ" எண்டு கேட்டா "இல்லை" எண்டும் சொல்லலாம், கட்டாயமில்லை, ரியாக்‌ஷன் திரும்ப வாறது உங்கட அடுத்த டேர்ன் தொடங்கேக்க தான். அதோட கொப்ளினுக்கு, டேர்ன்ல கூடுதலாக் கிடைக்கிற போனஸ் ஆக்‌ஷன்லயே டிசென்கேஜ் (அடி வாங்காம விலகிறது) இருக்கே, அது ஏன் சும்மா ஓடினது?

பிளேன்டீ:
நில்லுங்கோ. போனஸ் ஆக்‌ஷன்லயோ? அப்ப அவன் வேணுமெண்டு தான் ஓட விட்டிருக்கிறான். அந்த வடையையும் நான் தான் வாங்கிக்கொண்டு போனனான்.